நத்தார் மரமும் வளவுக் குருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் எங்கள் வீட்டு அடிவளவில், கிணற்றுக்கும் மாமரத்துக்கும் இடையில், ஒவ்வொரு ஜனவரியிலும் ஒரு பழைய நத்தார் மரம் நிற்கிறது. முதலில் வீதியால் போகிறவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள். பிறகு பூசை முடிந்து ஆலயத்துக்கு வெளியே நிற்கும்போது கேட்டார்கள். இப்போது கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து உறவினர்களும் தொலைபேசியில் கேட்கிறார்கள். ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், அவரவர் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே தந்திருக்கிறேன்.

நத்தார் மரத்தைக் குருவிகளுக்குக் கொடுக்கிறது என்றால் என்ன? கொண்டுபோய் வளவில் போட்டுவிட்டால் சரியா?

போட்டுவிடக்கூடாது, நிறுத்திவைக்க வேண்டும். ஜனவரி 6 ஆம் திகதி மூன்று இராசாக்கள் திருநாள் முடிந்ததும் பெரும்பாலான வீடுகளில் மரம் கழற்றப்பட்டு வீதியோரக் குப்பைக்கோ அடுப்புக்கோ போய்விடுகிறது. அலங்காரங்கள் எல்லாவற்றையும் நீக்கி, அதே மரத்தை வளவில் ஒரு கதியாலோடு சேர்த்து நிமிர்த்திக் கட்டிவிட்டால், அது மேலும் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒரு பற்றையைப் போல நிற்கும். மழைக்கு ஒதுங்கவும், வல்லூறு வட்டமிடும்போது பாய்ந்து ஒளியவும், நிலத்துக்கு இறங்குமுன் சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்ளவும் சிறு பறவைகளுக்கு அடர்ந்த கிளைகள் தேவை. பூவரசும் கிளுவையும் நின்ற உயிர்வேலிகளை எடுத்துவிட்டு மதில் கட்டிய வளவுகளில் அப்படிப்பட்ட இடம் மிகவும் குறைந்துவிட்டது.

உணவு வைப்பது அதற்குப் பிறகு வருகிற விடயம். எதுவும் வைக்காமல் விட்டாலும் மரம் பயன்படும்.

வெளிநாட்டில் பனி விழுகிறது, அதனால் செய்கிறார்கள். மட்டக்களப்பில் இது எதுக்கு?

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நத்தார் காலம் என்பது நிலம் உறைந்து, பூச்சிகள் ஒடுங்கி, பகல் மிகவும் குறுகிப்போன காலம். விரல் நீளமான ஒரு குருவி, நீண்ட இரவின் குளிரைத் தாங்குவதற்கு வேண்டிய கொழுப்பை அந்தக் குறுகிய பகலுக்குள் தின்று சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆகவே பழைய மரத்தில் கொழுப்புக் கட்டிகளையும் விதைகளையும் தொங்கவிடுவது அங்கே உண்மையாகவே உயிர் காக்கும் உதவி. நோர்வே, சுவீடன் நாடுகளில் நத்தார் காலத்தில் ஓட்ஸ் கதிர்க்கட்டொன்றைப் பறவைகளுக்காக வீட்டு முற்றத்தில் உயர்த்திவைக்கும் பழைய வழக்கமும் உண்டு.

இங்கே நிலைமை முற்றிலும் வேறு. நமக்கு ஆண்டு முழுவதும் பெய்யும் மழையின் பெரும்பங்கு நவம்பர் முதல் ஜனவரி வரையிலேயே கொட்டுகிறது. புழு, பூச்சி, புல்விதை எதற்கும் அப்போது குறைவில்லை. இந்தக் காலத்தில் குருவிகளுக்குக் கிடைக்காமல் இருப்பது நனையாமல் ஒதுங்க ஓர் இடம். வாடைக்காற்றோடு மூன்று நாள் விடாமல் மழை பெய்யும்போது தென்னையிலும் வாழையிலும் நின்று ஒரு குருவி நனைவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எனவே அந்த நாடுகளில் இந்த மரம் முதலில் ஓர் உணவு மேசை என்றால், நம் கரையில் அது முதலில் ஒரு தாவாரம். உணவைப் பற்றியும் இடத்தைப் பற்றியும் கீழே சொல்வன எல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே வருகின்றன.

எந்த மரம் நல்லது? எங்கள் வீட்டில் சைப்பிரஸ், பக்கத்து வீட்டில் சவுக்கு.

இரண்டும் உதவும், ஆனால் ஒரே விதமாக அல்ல. மலைநாட்டிலிருந்து வரும் சைப்பிரஸ், செதில் போன்ற இலைகளோடு நெருக்கமாக இருப்பதால் மழையை நன்றாகத் தடுக்கும். வெட்டிய பின்னும் பல கிழமைகள் பச்சையாகவே நிற்கும். சவுக்கில் நாம் இலை என்று நினைக்கும் ஊசிகள் உண்மையில் கணுக்கணுவாகப் பிரியும் மெல்லிய பச்சைத் தண்டுகள். காய்ந்ததும் அவை பொலபொலவென்று உதிர்ந்து, மரம் விரைவில் வெறுங்கம்பாகிவிடும். ஆகவே சவுக்கு வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று வீட்டுக் கிளைகளைச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினால்தான் அடர்த்தி வரும். உதிர்ந்த ஊசிகளைப் பெருக்கி எறியாமல் மரத்தின் அடியிலேயே விடுங்கள். அதன் பயன் ஆறுமணிக்குருவியைப் பற்றிய பதிலில் வருகிறது.

வெள்ளைச் சாயம் பூசிய காய்ந்த கிளைகளைச் சில வீடுகளில் மரமாக வைப்பார்கள். சாயம் உரிந்து விழும் என்பதால் அவற்றை வெளியில் வைக்க வேண்டாம்.

அப்படியென்றால் கடற்கரைச் சவுக்கில் இரண்டு கிளை வெட்டினால் என்ன? அங்கே நிறையத்தானே நிற்கிறது?

தயவுசெய்து வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதிக்குப் பிறகு, கடலுக்கும் குடியிருப்புக்கும் நடுவே ஒரு தடையாக இருக்கட்டும் என்று கிழக்குக் கரையின் பல இடங்களில் நடப்பட்டவை அந்தச் சவுக்குகள். ஆளுக்கு இரண்டு கிளை என்று தொடங்கினால் மரவரிசையில் இடைவெளி விழும். மேலும், அந்த மரங்களிலேயே பறவைகள் இரவு தங்குகின்றன. அவற்றின் வீட்டை வெட்டி அவற்றுக்கே வீடு கட்டுவதில் பயனில்லை. இந்தப் பக்கத்தில் சொல்வதெல்லாம் ஏற்கெனவே வெட்டப்பட்டு, எறியப்படவிருக்கும் மரத்தைப் பற்றியதே.

எங்களிடம் பிளாஸ்டிக் மரம்தான் இருக்கிறது. அதை வெளியே வைக்கலாமா?

வைக்க வேண்டாம். வெயிலில் அந்த இழைகள் நொறுங்கித் துகளாகி மண்ணில் கலக்கும். அதை மடித்து அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொண்டு, அயலில் யார் வீட்டில் உண்மையான மரம் எறியப்படுகிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு தருவார்கள்.

அலங்காரத்தில் எதை எதை எடுக்க வேண்டும்? கொஞ்சம் ஜரிகை இருந்தால் வடிவாகத்தானே இருக்கும்?

எல்லாவற்றையும் எடுக்க வேண்டும்: ஜரிகை, மின்குமிழ்ச் சரம், பலூன் துண்டுகள், கொக்கிக் கம்பி, நூல், பனி போலத் தூவிய மினுக்கம், பஞ்சு. மரத்தை வெளியே கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் கிளை கிளையாகத் தடவிப் பாருங்கள். வீட்டு வெளிச்சத்தில் தெரியாத நூல்கள் அப்போதுதான் தெரியும். பனித்துகள் தெளிப்பான் அடித்த மரமாயின், அந்தக் கிளைகளை வெட்டி நீக்கிவிடுங்கள்.

இதில் நான் கடுமையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான் இதைத் தொடங்கிய முதல் வருடம், நட்சத்திரம் கட்டிய நைலோன் நூலொன்றை ஒரு கிளையில் கவனிக்காமல் விட்டுவிட்டேன். காலையில் ஒரு தேன்சிட்டு அதில் காலிலே சுருக்கு விழுந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கையில் எடுத்தபோது அதன் எடையே தெரியவில்லை. இதயம் மட்டும் விரல்களுக்குள் கடகடவென்று அடித்தது. நகம் வெட்டும் கத்தரியால் நூலை வெட்டி விட்டேன், பறந்துபோனது. அந்தக் கால் பிழைத்ததா என்று தெரியாது. அன்றிலிருந்து மரத்தை இரண்டு பேராகச் சோதித்த பிறகே வெளியே நிறுத்துகிறோம்.

எங்கே, எப்படி நிறுத்த வேண்டும்?

வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது பதினைந்து அடி தள்ளி, ஆனால் நீங்கள் குசினி யன்னலால் பார்க்கக்கூடிய இடத்தில் வையுங்கள். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிப்பதால், மாமரம், மதில், கிணற்றுக்கட்டு போன்ற ஏதாவதொன்றின் தென்மேற்குப் பக்கம் நல்லது. ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி தோண்டி அடிமரத்தை இறக்கி, மண்ணை மிதித்து, பக்கத்தில் ஒரு கதியால் நட்டு, தும்புக் கயிற்றால் இரண்டு இடத்தில் கட்டுங்கள். தும்புக் கயிற்றைச் சொல்வது, அது உக்கிப் போகும், நைலோன் கயிறு உக்காது என்பதனால்.

நிலத்திலிருந்து இரண்டடி உயரத்துக்குக் கீழ்க்கிளைகளை வெட்டிவிடுங்கள். பூனை பதுங்க முடியாது, பாம்பு தங்கினாலும் தெரியும். அடுப்படி, விளக்கு ஏற்றும் இடம், குப்பை எரிக்கும் இடம் ஆகியவற்றுக்குக் கிட்ட ஒருபோதும் வைக்காதீர்கள். காய்ந்த சைப்பிரசும் சவுக்கும் எண்ணெய் ஊற்றியது போலப் பற்றும்.

மரத்தில் என்ன சாப்பாடு வைக்கலாம்?

நம் வீட்டில் ஏற்கெனவே இருப்பவையே போதும். கனிந்த பப்பாசியையோ வாழைப்பழத்தையோ பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் வெளியே தெரியும்படி கிளை முனையில் குத்திவிடுங்கள். கொண்டைக்குருவியும் குக்குறுவானும் முதல் நாளே கண்டுகொள்ளும். குரக்கன், தினை, குறுணி அரிசி போன்ற தானியங்களைச் சிரட்டையில் வைத்துக் கட்டலாம். சிரட்டையின் அடியில் இரண்டு துளை போட மறக்காதீர்கள். துளையில்லாத சிரட்டை மழைக்குக் கஞ்சிக் கிண்ணமாகிவிடும். உடைத்த தேங்காய்ப் பாதியை அப்படியே தொங்கவிடலாம், ஆனால் இரண்டாம் நாள் எடுத்துவிட வேண்டும். உலர்ந்த தேங்காய்த் துருவல் வேண்டாம், அது வயிற்றுக்குள் போய் ஊதும்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது நெற்கதிர். பெரும்போக அறுவடை ஜனவரிக் கடைசியிலிருந்து தொடங்கிவிடும்; மரம் நிற்கும் காலமும் அதுதான். தைப்பூசத்தில் புதிர் எடுக்கும், அதாவது புது நெல்லை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவரும் வீடுகளில் ஒரு பிடி கதிரைக் கூடுதலாகக் கொண்டுவந்து, தாளோடு கட்டி மரத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டால், தினைக்குருவிகள் ஐந்தாறு சேர்ந்து வந்து, கதிரிலேயே தொற்றி, ஒவ்வொரு நெல்லாக உமி நீக்கித் தின்னும். உமி காற்றில் பறந்து கீழே விழுவதை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நோர்வேயின் ஓட்ஸ் கதிர்க்கட்டும் நம் வயலின் கதிரும் ஒரே எண்ணத்தில் தொங்குபவை என்று எனக்குத் தோன்றும்.

பாலன் குடிலில் விரித்த வைக்கோல் இருந்தால் அதையும் மரத்தடியில் உதறிவிடுங்கள். அதில் எப்படியும் சில நெல்மணிகள் ஒட்டியிருக்கும்.

மிஞ்சின கிறிஸ்மஸ் கேக், பாண், சோறு, மிக்சர்?

கேக் வேண்டாம். அதில் சீனி மிகுதி, பல வீடுகளில் பழங்களை மதுவிலும் ஊறவைத்திருப்பார்கள். மிக்சரும் முறுக்கும் உப்பு நிறைந்தவை; சிறிய பறவையின் உடலால் அந்த உப்பை வெளியேற்ற முடியாது. பாண் வயிற்றை நிரப்புமே தவிர உடலுக்கு ஒன்றும் கொடுக்காது, மழைக்காலத்தில் விரைவில் பூஞ்சணமும் பிடிக்கும். சோறு வைத்தால் காகம் வரும், அதற்குத் தனிப் பதில் இருக்கிறது.

யூடியூப்பில் பைன் காயில் கச்சான் (நிலக்கடலை) வெண்ணெய் பூசித் தொங்கவிடுகிறார்கள். நாங்களும் செய்யலாமா?

அது குளிர் நாட்டுக்கான முறை. நம் வெப்பத்தில் கொழுப்பும் கச்சான் வெண்ணெயும் இளகி வழிந்து இறகில் ஒட்டும். எண்ணெய் பட்ட இறகு தண்ணீரை வடியவிடாது, மழைக்காலத்தில் அதுவே குருவிக்குப் பெரிய ஆபத்து. அரை மணி நேரத்தில் எறும்பும் வரிசை கட்டும். கச்சான் கொடுக்க விரும்பினால் உப்பில்லாத, வறுத்த கச்சானை இடித்துக் கொஞ்சம் வையுங்கள். ஈரத்தில் கிடந்து பூஞ்சணம் பிடித்த கச்சானில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டாகும். மனிதர் தின்னத் தயங்கும் கச்சானைப் பறவைக்கும் வைக்காதீர்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு வைக்க வேண்டும்?

காலையில் ஒரு பிடி. மத்தியானத்துக்குள் முடிய வேண்டும். பின்னேரம் மிஞ்சியிருந்தால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள். இரவில் கிடக்கும் தானியம் எலிக்கே போகும். சிரட்டைகளைக் கிழமைக்கொரு தரம் சுடுநீரில் கழுவிக் காயவைத்து மாற்றுங்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் எச்சமிட்டுத் தின்னும்போது நோய் பரவுவது இந்தக் கிண்ணங்களால்தான்.

எல்லாத்தையும் காகமே தின்னுது. என்ன செய்வது?

காகத்துக்குச் சோறு வைப்பது நம் வீடுகளில் பலருக்கு ஒரு வழக்கம் மட்டுமல்ல, ஒரு கடமையும்கூட; அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தச் சோற்றை முன்வாசலிலோ மதில்மேலோ வையுங்கள், மரம் நிற்கும் பக்கம் வேண்டாம். காகம் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் எடுக்கும். அது அடிக்கடி வந்து இருக்கும் இடத்துக்கு மற்றவை வரமாட்டா.

மரத்தில் வைப்பதை மெல்லிய கிளை முனைகளிலும் உள்கிளைகளுக்குள்ளும் வையுங்கள். காகத்தின் எடையை முனைக்கிளை தாங்காது, அடர்ந்த கிளைக்குள் அது நுழையவும் விரும்பாது.

எங்கள் வளவுக்கு என்னென்ன குருவி வரும்?

கொண்டைக்குருவி, மைனா, ஏழெட்டாகச் சேர்ந்து கத்திக்கொண்டே வரும் புலுனி, வாலை நிமிர்த்தி நடக்கும் கறுப்பு வெள்ளைக் குண்டுக்கரிச்சான், தையல்சிட்டு, தேன்சிட்டு, புள்ளிப்புறா, தினைக்குருவி ஆகியவை ஏறத்தாழ எல்லா வளவிலும் வரும். செண்பகமும் அவ்வப்போது வரும். அது பூச்சியோடு குஞ்சையும் தின்னக்கூடியது, ஆனாலும் விரட்டத் தேவையில்லை. சிட்டுக்குருவி உங்கள் அயலில் இன்னும் இருந்தால், தாவாரத்தில் ஒரு மண்முட்டியைப் பக்கவாட்டாகத் தொங்கவிடுங்கள். மரத்தடி வைக்கோலை எடுத்துப்போய் அதற்குள் கூடு வைக்கும். தேன்சிட்டுக்கு உணவு வைக்க வேண்டியதில்லை, செவ்வரத்தையும் முருங்கைப்பூவும் போதும். மரம் அதற்கு இருக்கை மட்டுமே.

எல்லாரும் வியப்போடு கேட்பது ஆறுமணிக்குருவியைப் பற்றி. இமயத்தின் அடிவாரத்திலும் இந்தியாவின் நடுப்பகுதியிலும் கூடு வைக்கும் இந்தப் பறவை, ஒக்டோபர் அளவில் இலங்கைக்கு வந்து ஏப்ரல் வரை தங்கும். காலையும் மாலையும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் இந்தப் பெயர். உடலில் உள்ள நிறங்களை எண்ணி வட இந்தியாவில் நவரங் என்பார்கள். அது மரத்தில் ஏறி விதை தின்னாது, நிழலான நிலத்தில் சருகைப் புரட்டிப் புழு தேடும். ஒரு ஜனவரியில் மழை விட்ட பின்னேரம், எங்கள் மரத்தின் கீழ் உதிர்ந்த சவுக்கு ஊசிகளை ஒரு ஆறுமணிக்குருவி அலகால் இடமும் வலமுமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு மண்புழுவை இழுத்து, நிலத்தில் இரண்டு தரம் அடித்து விழுங்கிவிட்டு, குட்டை வாலை மேலும் கீழும் அசைத்தது. வாலடியின் சிவப்பு ஈர மண்ணுக்கு மேலே தீக்குச்சி உரசியது போலத் தெரிந்தது. மரத்தடியைக் கூட்டிப் பெருக்க வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது அதற்காகத்தான்.

பாம்பு வராதா? அதுதான் எங்கள் அம்மாவின் பயம்.

அம்மாவின் பயம் சரியானது. நாகத்தையும் புடையனையும் வரவழைப்பது பெரும்பாலும் எலியும் தவளையும், அவை ஒளியக் குவித்துவைத்த கிளைகளும்தான். வெளிநாடுகளில் மரத்தை நிலத்தில் கிடத்திக் கிளைக்குவியலாக விடச் சொல்வார்கள். வீட்டோடு ஒட்டிய நம் சிறிய வளவுகளுக்கு அது பொருந்தாது. நிறுத்திக் கட்டுவது, கீழே இரண்டடி வெட்டுவது, பதினைந்து அடி தள்ளிவைப்பது, இரவில் தானியம் விடாமல் இருப்பது என்று முன்னர் சொன்ன நான்கும் இந்த ஆபத்தைக் குறைக்கவே. மரத்தடிச் சருகு இரண்டு விரல் உயரத்துக்கு மேல் சேர வேண்டாம். இருட்டிய பின் மரத்தடிக்குப் போக வேண்டியிருந்தால் ரோச் வெளிச்சத்தோடு போங்கள்.

பூனை இருக்கிற வீட்டில் செய்யலாமா?

உங்கள் பூனையானால், குருவிகள் மும்முரமாக மேயும் அதிகாலையிலும் மாலையிலும் அதை உள்ளே வைத்திருக்க முடியுமா என்று முதலில் யோசியுங்கள். முடியாவிட்டால் உணவு வைக்காதீர்கள். நிலத்திலேயே இரை தேடும் ஆறுமணிக்குருவியைப் பூனை எளிதாகப் பிடித்துவிடும். அணில் வந்தால் வரட்டும், அதற்கும் பங்கு இருக்கிறது.

குருவிகளுக்குத் தண்ணீர் வைத்தால் டெங்கு நுளம்பு பெருகும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் வழக்கு வரும் என்கிறார்களே?

தண்ணீரை வைத்துவிட்டு மறந்தால் இரண்டும் நடக்கும். நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்க 2007 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, குடம்பி வளரும் நிலையில் வளவை வைத்திருப்பது குற்றம். ஆனால் முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு ஏறத்தாழ ஒரு கிழமை செல்லும். நாள்தோறும் காலையில் தண்ணீரைக் கொட்டி, தட்டின் உட்பக்கத்தைத் தும்புத் தூரிகையால் உரஞ்சி, புதிதாக ஊற்றினால் அங்கே நுளம்பு வளரவே முடியாது. உரஞ்சுவது முக்கியம், முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் உயிரோடு இருக்கும்.

மாரி காலத்தில் தண்ணீர்த் தட்டு தேவையே இல்லை, எங்கும் தண்ணீர்தான். மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அனல் போல அடித்து, குளமும் குட்டையும் வற்றும்போதே அது வேண்டும். உணவை விட அப்போது வைக்கும் தண்ணீரே நம் மாவட்டங்களில் பெரிய உதவி என்பது என் உறுதியான எண்ணம். இரண்டு விரல் ஆழத்துக்கு மேற்படாத மண்தட்டு, நடுவில் ஒரு கல், நிழலான இடம், இவ்வளவே. வீட்டில் ஒருவரும் நாள்தோறும் மாற்ற முடியாதென்றால் வைக்காமல் விடுவதே நல்லது.

எங்களிடம் பத்துக் கோழி இருக்கு. காட்டுக் குருவி வந்தால் நோய் வருமா?

வரக்கூடும். கோழிகளைக் கொல்லும் சில தொற்றுகள் எச்சத்தாலும் தண்ணீராலும் இரு பக்கமும் பரவும். கோழிக்கூட்டிலிருந்து மரத்தை இயன்றவரை தூரத்தில் வையுங்கள். கோழித் தீனியையும் தண்ணீரையும் கூரைக்குக் கீழே மூடிவையுங்கள். அயலில் கோழிகள் தொடர்ந்து சாகும் காலத்தில் உணவு வைப்பதை முழுவதும் நிறுத்துங்கள்.

நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரை. நெல்லும் வாழைப்பழமும் தொங்கவிட்டால் யானை வராதா?

வாவிக்குக் கிழக்கே, கடற்பக்கத்து எழுவான்கரையில் இருந்துகொண்டு எழுதும் நான் முதலில் இதை நினைத்திருக்கவில்லை, கேட்டவருக்கு நன்றி. நெல் மூட்டை அடுக்கிய வீட்டுச் சுவரை யானை உடைத்த செய்தி வராத வருடமே இல்லை. ஒரு பிடி கதிர் யானையைக் காட்டிலிருந்து வரவழைக்காது என்றாலும், ஏற்கெனவே ஊருக்குள் இறங்கிய யானைக்கு வாழைப்பழ மணம் வழி காட்டும். ஆகவே யானை நடமாடும் படுவான்கரைக் கிராமங்களிலும், அம்பாறையின் காட்டோரக் குடியிருப்புகளிலும் மரத்தை நிறுத்துங்கள், உணவு மட்டும் வேண்டாம். முதற்பதிலில் சொன்னபடி, உணவில்லாத மரமும் ஒரு பற்றையின் வேலையைச் செய்யும். குரங்குத் தொல்லை உள்ள இடங்களுக்கும் இதுவே பதில்.

தையல்சிட்டு பஞ்சை எடுத்துத்தானே கூடு தைக்குது? பிறகு ஏன் மரத்திலுள்ள பஞ்சை எடுக்கச் சொல்கிறீர்கள்?

கேட்ட மாணவி நன்றாகக் கவனித்திருக்கிறாள். தையல்சிட்டு இலையின் ஓரங்களைத் துளைத்து, சிலந்தி இழையாலும் இலவம்பஞ்சாலும் தைத்து, உள்ளேயும் பஞ்சை மெத்தையாக விரிக்கும். அது எடுக்கும் இலவம்பஞ்சு குறுகிய இழைகளைக் கொண்டது, இழுத்தால் அறும். நாம் பனியாக விரிப்பது பெரும்பாலும் செயற்கை இழை. அது அறாது, குஞ்சின் காலைச் சுற்றி, குஞ்சு வளர வளர இறுக்கும். குருவிக்குப் பஞ்சு கொடுக்க ஆசையானால் வெடித்த இலவங்காய் ஒன்றைக் கிளையில் செருகிவிடுங்கள்.

ஒருமுறை பழக்கிவிட்டால் குருவிகள் நம்மையே நம்பி இருந்துவிடாதா? நாங்கள் ஊருக்குப் போனால் பட்டினி கிடக்குமா?

மழைக்காலத்தில் வளவெங்கும் உணவு இருப்பதை இரண்டாம் பதிலில் சொன்னேன். நீங்கள் வைக்கும் ஒரு பிடி அவற்றுக்குப் பல மேய்ச்சல் இடங்களில் ஒன்று, அவ்வளவே. நீங்கள் நிறுத்தினால் இரண்டு நாள் வந்து பார்த்துவிட்டு வேறிடம் போகும். தண்ணீர் விடயத்தில் மட்டும் கவனம் வேண்டும். கச்சான் காலத்தில் பல கிழமைகள் தொடர்ந்து வைத்த தட்டை விட்டுப் போகும்போது அயலவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை கொடுக்கலாம்?

எண்ணச் சொல்லுங்கள். அமெரிக்காவில் நத்தார் நாளில் யார் அதிகம் பறவைகளைச் சுடுவது என்று போட்டி வைத்த காலத்தில், 1900 ஆம் ஆண்டு பிராங்க் சாப்மன் என்பவர், சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று அழைத்தார். 27 பேர் சேர்ந்தார்கள். அந்தக் கணக்கெடுப்பு இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. பெப்ரவரியில் நான்கு நாள் நடக்கும் வீட்டுத்தோட்டப் பறவைக் கணக்கெடுப்பில் எந்த நாட்டிலிருந்தும் பதினைந்து நிமிடம் எண்ணி இணையத்தில் பதியலாம். நம் மரம் அப்போதும் நின்றுகொண்டிருக்கும்.

மரம் காய்ந்து மண்ணிறமாகிவிட்டது. இனி எறியலாமா?

மார்ச் அளவில் இலை முழுவதும் உதிர்ந்துவிடும். எரிக்காதீர்கள். சிறு கிளைகளை வெட்டித் தென்னையடியிலோ வாழையடியிலோ பரப்பினால் மண்ணின் ஈரத்தைக் காத்து மெதுவாக உக்கிப் பசளையாகும். வீட்டு மரச்சாமான்களுக்குக் கிட்ட வேண்டாம், கறையான் ஏறும். ஆனால் மரத்தடியில் ஏறும் கறையானைப் புலுனியும் குண்டுக்கரிச்சானும் விடமாட்டா.

நடுமரத்தையும் தடித்த கிளைகளையும் அப்படியே நிற்கவிட்டு, அதன் அடியில் பாகலோ கோவையோ நட்டுக் கொடியை ஏற்றுங்கள். காய்ந்த மரம் மறுபடியும் பச்சைப் பற்றையாகிவிடும். கோவைப்பழம் சிவக்கும்போது கிளியும் கொண்டைக்குருவியும் குயிலும் தாமாக வரும். நீங்கள் எதையும் தொங்கவிட வேண்டியதில்லை. சைப்பிரசின் தண்டு இதற்கு ஒரு கச்சான் காலம் தாங்கும்.

கொடி ஏறிய மரத்தில் கொண்டைக்குருவி கூடு வைத்துவிட்டது. மரம் சாயப் பார்க்கிறது. எடுக்கலாமா, விடலாமா?

விடுங்கள், ஆனால் சாயவிடாதீர்கள். கொண்டைக்குருவி இரண்டு மூன்று முட்டை இடும். ஏறத்தாழ இரண்டு கிழமை அடைகாக்கும், பொரித்த குஞ்சுகள் மேலும் இரண்டு கிழமைக்குள் கூட்டை விட்டுப் போய்விடும். ஒரு மாதம் பொறுத்தால் போதும். தாய்ப்பறவை இரை தேடப் போயிருக்கும் பொழுது பார்த்து, ஒரு கவைக்கம்பை மெதுவாக முட்டுக்கொடுத்து, நிலத்தில் ஊன்றி, தும்புக் கயிற்றால் கட்டிவிட்டு உடனே விலகி வாருங்கள். கூட்டைத் தொடவோ, கொடியை விலக்கிப் படம் எடுக்கவோ வேண்டாம்; நீங்கள் விலக்கிய இடைவெளி காகத்துக்கு யன்னலாகிவிடும். சென்ற வருடம் எங்கள் மரத்தில் இதே நிலைமை. கூட்டுக்குப் பக்கத்தில் தொங்கிய நான்கு பாகற்காயைப் பறிக்காமல் விட்டோம். அவை பழுத்து வெடித்தன, சிவந்த விதைகளைத் தாய்ப்பறவையே கொத்தித் தின்றது. குஞ்சுகள் போனது ஒரு வியாழக்கிழமை காலை. மரத்தைச் சனிக்கிழமை எடுத்தோம்.